இன்டர்சேஞ்ச் கட்டணம்: அமெரிக்கக் கடைக்காரர்கள் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களோடு எதற்காக வழக்காடுகிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு கடையில் 100 டாலருக்குப் பொருள் வாங்கிவிட்டு கிரெடிட் கார்டை நீட்டுகிறவர், தம் கணக்கில் 100 டாலர் பற்று எழுதப்பட்டிருப்பதை மட்டுமே பார்க்கிறார். கடைக்காரரின் கணக்கில் வந்து சேருவதோ பெரும்பாலும் 97 டாலர் அல்லது 98 டாலர். நடுவழியில் நின்றுபோன இரண்டு மூன்று டாலர் யாரிடம் போனது, அந்தத் தொகையை நிர்ணயித்தது யார், ‘இவ்வளவு தர எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லக் கடைக்காரருக்கு ஏன் வழியில்லை என்ற மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் அந்நாட்டு நீதிமன்றங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வழக்குகள் நடந்துவருகின்றன. செய்திகளில் பெரும்பாலும் முதல் கேள்வியும் அதற்குரிய கோடிக்கணக்கான டாலரும்தான் தலைப்பாகின்றன. நீதிபதிகளை உண்மையில் திணறடித்தவை மற்ற இரண்டு கேள்விகளே. இக்கட்டுரையும் அவற்றுக்கே கூடுதல் இடம் தருகிறது.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். அட்டை வைத்திருப்பவர் ஒருவர், கடைக்காரர் ஒருவர். அட்டையை வழங்கியது ஒரு வங்கி. கடைக்காரருக்கு அட்டை வழியாக வரும் பணத்தைப் பெற்றுத்தருவது மற்றொரு வங்கி அல்லது அந்த வங்கிக்காக வேலைசெய்யும் ஒரு நிறுவனம். இந்த இரு வங்கிகளுக்கும் நடுவே விசா அல்லது மாஸ்டர்கார்டு என்னும் வலையமைப்பு நிற்கிறது. விசாவும் மாஸ்டர்கார்டும் பொதுமக்கள் யாருக்கும் கடன் தருவதில்லை. அட்டையில் அவற்றின் பெயர் பெரிதாக இருந்தாலும் அட்டையை வழங்குவதும் அவை அல்ல. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் செய்தியையும் கணக்கையும் கொண்டுசெல்லும் பாதையை அவை நடத்துகின்றன. அந்தப் பாதையில் செல்வோருக்கான விதிகளையும் அவையே எழுதுகின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சற்று வேறு வகை: அங்கே வலையமைப்பு, அட்டை வழங்குபவர், கடைக்காரருக்குப் பணம் தருபவர் ஆகிய மூன்று வேலைகளையும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் செய்கிறது.

கார்டைக் கருவியில் வைத்தவுடன் கடையின் வங்கியிடமிருந்து ஒரு கேள்வி வலையமைப்பு வழியாக அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது, கணக்கு உயிரோடு இருக்கிறதா, கடன் வரம்பு போதுமா, இந்தச் செலவு சந்தேகத்துக்குரியதாகத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டு அந்த வங்கி ‘சரி’ என்கிறது, ரசீது அச்சாகிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்தப் பேச்சில் பணம் எதுவும் நகர்வதில்லை. பிறகு கணக்குத் தீர்க்கும் நேரத்தில்தான் அட்டை வழங்கிய வங்கி பணத்தை அனுப்புகிறது. அனுப்பும்போதே தன் பங்கைக் கழித்துக்கொண்டு அனுப்புகிறது. அப்படிக் கழிக்கப்படும் பங்குக்குத்தான் இன்டர்சேஞ்ச் கட்டணம் என்று பெயர். உதாரணத்துக்காக, 100 டாலர் விற்பனையில் கடைக்காரர் மொத்தம் 2 டாலர் 30 சென்ட் இழந்தார் என்று வைத்துக்கொண்டால், அதில் 1 டாலர் 80 சென்ட் அளவுக்கு அட்டை வழங்கிய வங்கிக்கும், 15 சென்ட் அளவுக்கு வலையமைப்புக்கும், எஞ்சிய 35 சென்ட் கடையின் வங்கிக்கும் போகலாம். தொகைகள் அட்டைக்கு அட்டை, கடைக்குக் கடை மாறும்; ஆனால் பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்கே என்பது மாறுவதில்லை.

கடைக்காரரின் கைக்கு மாத முடிவில் வரும் கட்டண அறிக்கையைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் இயல்பு விளங்கும். அதில் ஒரே விலை இருக்காது. சாதாரண அட்டைக்கு ஒரு வரி, வெகுமதிப் புள்ளிகள் தரும் அட்டைக்கு அதைவிட உயர்ந்த சதவீதத்தோடு ஒரு வரி, நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வணிக அட்டைக்கு இன்னும் உயர்ந்த சதவீதத்தோடு மற்றொரு வரி, அட்டை நேரில் காட்டப்படாமல் இணையத்தில் எண் மட்டும் தரப்பட்டால் வேறொரு வரி என்று பக்கம் பக்கமாக நீளும். விற்ற பொருள் ஒன்றே, விலையும் ஒன்றே. வாங்க வந்தவர் பையிலிருந்து எந்த அட்டையை எடுத்தார் என்பதைப் பொறுத்துக் கடைக்காரரின் செலவு மாறுகிறது. எந்த வரியில் எவ்வளவு விழப்போகிறது என்று பொருளை விற்கும் நேரத்தில் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பெரிய பயனில்லை, ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

இந்த வரிகளில் உள்ள சதவீதங்களை நிர்ணயிப்பது கட்டணத்தைப் பெறும் வங்கி அன்று; வலையமைப்பு. ஒவ்வொரு வலையமைப்பும் ஒரு கட்டணப் பட்டியலை வெளியிடுகிறது. வழக்கமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதைத் திருத்துகிறது. அந்த வலையமைப்பில் அட்டை வழங்கும் ஆயிரக்கணக்கான வங்கிகளும் அதே பட்டியலின்படி வசூலிக்கின்றன. சுங்கச்சாவடியில் விலைப்பலகையை எழுதுபவர் ஒருவர், வசூலில் பெரும்பகுதியைக் கொண்டுபோகிறவர் வேறொருவர் என்பதுபோன்ற ஏற்பாடு இது. தம்முள் போட்டியிட வேண்டிய வங்கிகள் ஒரே விலையை ஒரே இடத்திலிருந்து பெற்றுக்கொள்வது விலைக்கூட்டு ஆகாதா என்பதே கடைக்காரர்களின் அடிப்படைக் கேள்வி. போட்டியாளர்கள் சேர்ந்து வணிகத்தைக் கட்டுப்படுத்துவதைத் தடைசெய்யும் 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் கீழ்தான் இவ்வழக்குகள் பெரும்பாலும் தொடுக்கப்பட்டன.

இங்கே புதியவர்கள் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. விசாவும் மாஸ்டர்கார்டும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள்; போட்டி இருந்தால் விலை குறைய வேண்டும் அல்லவா? இந்தச் சந்தையில் அது தலைகீழாக நடக்கிறது. வலையமைப்பு கவர்ந்திழுக்க வேண்டியது கடைக்காரரை அன்று, அட்டை வழங்கும் வங்கியை. தன் அட்டைகளில் எந்த வலையமைப்பின் முத்திரையைப் பொறிப்பது என்று தீர்மானிக்கும் வங்கி, எது தனக்கு அதிக இன்டர்சேஞ்ச் கட்டணம் பெற்றுத்தரும் என்றுதான் பார்க்கும். ஆகவே ஒரு வலையமைப்பு கட்டணத்தைக் குறைத்தால் அது வங்கிகளை இழக்கும். உயர்த்தினால் வங்கிகளைப் பெறும். வங்கி அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் புள்ளிகளாகவும் கேஷ்பேக்காகவும் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வாடிக்கையாளர் மகிழ்ந்து அந்த அட்டையையே மீண்டும் மீண்டும் எடுக்கிறார். செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதற்கான செலவைச் சுமப்பவர் மற்றொருவர் என்னும் இந்தப் பிளவைப் புரிந்துகொண்டால் முப்பது ஆண்டு வழக்குகளின் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி, கடைக்காரரின் கையைக் கட்டிவைத்த விதிகளில் இருக்கிறது. அவற்றுள் முதன்மையானது, ஒரு வலையமைப்பின் அட்டையை ஏற்கும் கடை அந்த வலையமைப்பின் எல்லா அட்டைகளையும் ஏற்க வேண்டும் என்பது. சாதாரண விசா அட்டையை வாங்கிக்கொண்டு, கட்டணம் கூடிய வெகுமதி அட்டையை மட்டும் மறுக்க முடியாது. இரண்டாவது, கூடுதல் கட்டணத் தடை: அட்டையால் ஏற்படும் செலவை அந்த அட்டையைக் கொடுத்தவரிடமே கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்று இருந்தது. மூன்றாவது, திசைதிருப்பல் தடை: ‘அந்த அட்டைக்குப் பதிலாக இந்த அட்டையைக் கொடுத்தால் உங்களுக்குத் தள்ளுபடி தருகிறேன்’ என்றோ, ‘அந்த அட்டை எனக்கு அதிகச் செலவு வைக்கிறது’ என்றோ கடைக்காரர் சொல்லக் கூடாது என்று இருந்தது. சாதாரணச் சந்தையில் விலை உயர்ந்தால் வாங்குபவர் வேறு பக்கம் போகலாம் என்ற அச்சம்தான் விற்பவரைக் கட்டுப்படுத்துகிறது. இந்த மூன்று விதிகளும் சேர்ந்து அந்த அச்சத்தையே இல்லாமல் செய்துவிட்டன. ஒரு கடைக்கு எஞ்சிய தேர்வு, விசாவை முழுவதுமாக ஏற்பது அல்லது முழுவதுமாக விடுவது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு எந்தக் கடை நிலைக்கும்?

வலையமைப்புகளின் தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது வெறும் சாக்கு அன்று. அட்டை என்பது இரு தரப்பாரும் இருந்தால்தான் பயன்படும் பொருள். ஏற்கும் கடைகள் இல்லாவிட்டால் யாரும் அட்டை வைத்துக்கொள்ள மாட்டார்கள்; அட்டை வைத்திருப்போர் இல்லாவிட்டால் எந்தக் கடையும் கருவி வாங்காது. ஒரு தரப்பிடம் வசூலித்து மறு தரப்பை ஈர்ப்பது அந்தச் சமநிலையை உண்டாக்கும் வழி என்பது அவர்களின் நிலைப்பாடு. அட்டை வழங்கிய வங்கி கடைக்காரருக்குப் பணத்தை உறுதிசெய்கிறது. வாடிக்கையாளர் கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் இழப்பு வங்கிக்கே. மோசடிச் செலவில் பெரும்பகுதியையும், வட்டியில்லாத சில வாரக் கடனின் செலவையும் வங்கியே தாங்குகிறது. எல்லா அட்டைகளையும் ஏற்க வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால், விசா முத்திரை உள்ள அட்டையை நம்பிக் கடைக்குள் நுழைபவருக்கு அது செல்லுமா என்ற உறுதியே இருக்காது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கடைசி வாதத்தில் கனம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் செலவைத் தாங்குவதற்காகத்தான் கட்டணம் என்றால், எந்த அட்டைக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றாயிருக்கும்போது வெகுமதி அட்டைக்கு மட்டும் கட்டணம் ஏன் அவ்வளவு உயர வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களின் பதில் அத்தனை திருப்தியாக இல்லை.

நீதிமன்றத்தில் இந்த வாதங்கள் முதலில் மோதியபோது வென்றது வலையமைப்புதான். நபான்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு நிறுவனம், கடைகளுக்காக அட்டைக் கணக்குகளைக் கையாண்டுவந்தது. அது விசா மீது தொடுத்த வழக்கில் இன்டர்சேஞ்ச் கட்டணம் சட்டவிரோதமான விலைக்கூட்டு அன்று என்று 1984-இல் தீர்ப்பு வந்தது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ரொக்கம், காசோலை, பிற அட்டைகள் எல்லாம் சேர்ந்த பெரிய சந்தையில் விசா ஒரு பகுதி மட்டுமே, ஆகவே அதற்கு விலையை ஆட்டிப்படைக்கும் வலிமை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. அன்றைய நிலைமைக்கு அது பொருந்தியிருக்கலாம். அட்டை இல்லாமல் வணிகமே இல்லை என்ற காலம் வந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தத் தீர்ப்பின் நிழல் நீடித்தது.

1996-இல் வால்மார்ட் உள்ளிட்ட பெரிய கடைகள் வேறொரு வாசலைத் தட்டின. அவை கட்டணத்தை நேரடியாகத் தாக்கவில்லை, விதியைத் தாக்கின. கிரெடிட் கார்டை ஏற்கும் கடை, அதே முத்திரையுள்ள டெபிட் கார்டையும் கையெழுத்து முறையில் ஏற்றே தீர வேண்டும் என்று விசாவும் மாஸ்டர்கார்டும் கட்டாயப்படுத்தின. இரகசிய எண்ணை அழுத்தும் டெபிட் முறைகள் கடைக்கு அதைவிட மலிவாகக் கிடைத்துவந்த காலம் அது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் வேண்டாத இன்னொன்றையும் சேர்த்து வாங்கு என்று சொல்வது போட்டிச் சட்டத்தில் பழைய குற்றம். அதைக் கட்டுவிற்பனை என்பார்கள். 2003-இல் விசாரணை தொடங்கும் தறுவாயில் இரு நிறுவனங்களும் ஏறத்தாழ 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தன. 2004 தொடக்கத்திலிருந்து டெபிட்டை மறுத்துவிட்டு கிரெடிட்டை மட்டும் ஏற்கும் உரிமை கடைகளுக்குக் கிடைத்தது. பணத்தைவிட அந்த உரிமை பெரியது. விதி தளர்ந்தால் விலை தானே பணியும் என்று கடைக்காரர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

அடுத்து வந்தது, இத்துறையில் ‘அந்த வழக்கு’ என்று சொன்னாலே எல்லாருக்கும் விளங்கும் வழக்கு. 2005-இல் நாடெங்கும் தொடுக்கப்பட்ட பல வழக்குகள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 1.2 கோடி கடைகளின் சார்பாக நடந்த குழு வழக்கு அது. குழு வழக்கு என்றால், சிலர் முன்னின்று தம்மைப் போன்ற எல்லாருக்காகவும் வழக்காடுவதும், முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்துவதும் ஆகும். வெளியேற விரும்புவோர் அறிவித்துவிட்டு வெளியேறலாம் என்பது பொது வழக்கம்; ஆனால் எல்லா வகைக் குழுக்களிலும் அந்த வாய்ப்பு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அங்கேதான் திரும்புகிறது.

2012-இல் 725 கோடி டாலர் சமரசம் அறிவிக்கப்பட்டது. பெரிய கடைகள் பல அதிலிருந்து வெளியேறியதால் தொகை ஏறத்தாழ 570 கோடியாகக் குறைந்தது; 2013 டிசம்பரில் நீதிபதி ஜான் கிளீசன் அதற்கு ஒப்புதல் அளித்தார். இதில் இரண்டு குழுக்கள் இருந்தன. கடந்தகால இழப்புக்காகப் பணம் பெறும் குழு ஒன்று. அதில் இருப்போர் விரும்பினால் வெளியேறலாம். பணம் எதுவும் பெறாமல், வருங்காலத்துக்கான விதி மாற்றங்களை மட்டும் பெறும் குழு மற்றொன்று. அதிலிருந்து யாரும் வெளியேற முடியாது. இனிமேல் பிறக்கப்போகும் கடைகள்கூட அதில் அடக்கம். அந்த இரண்டாம் குழு பெற்ற முக்கியமான சலுகை, அட்டைக்குக் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் உரிமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நியூயார்க், கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் அப்போது மாநிலச் சட்டமே கூடுதல் கட்டணத்தைத் தடுத்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸை ஏற்கும் கடைகளை அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் தடுத்தது. ஆகவே பெரும்பாலான கடைகளுக்கு அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருந்தது. அதற்கு ஈடாக அவை விட்டுக்கொடுத்ததோ, வலையமைப்புகளின் விதிகளை எதிர்த்து வருங்காலத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை.

2016 ஜூன் 30 அன்று, புரூக்ளின் நீதிமன்றத்துக்கு மேலுள்ள இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சமரசத்தை ரத்துசெய்தது. இரு குழுக்களுக்கும் ஒரே வழக்கறிஞர்கள் வாதாடியிருந்தார்கள். முதல் குழுவுக்குக் கூடுதல் பணம் வேண்டும், இரண்டாம் குழுவுக்கு வலுவான விதி மாற்றங்கள் வேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் பேரத்தில் ஒரே ஆள் இருவருக்காகவும் உட்கார முடியாது என்றது நீதிமன்றம். தனிக் கருத்து எழுதிய நீதிபதி பியர் லெவல், இது சமரசம் அன்று, பறிமுதல் என்று கடிந்தார். சட்டத் தீர்ப்புகளில் இத்தனை கூரான சொல் அடிக்கடி கிடைப்பதில்லை.

அதன்பின் வழக்கு இரண்டாகப் பிரிந்தது. பணத்துக்கான பாதி ஒருவழியாக முடிந்தது: 2004 தொடக்கம் முதல் 2019 ஜனவரி 25 வரை விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை ஏற்ற கடைகளுக்கு ஏறத்தாழ 554 கோடி டாலர் என்ற சமரசத்துக்கு நீதிபதி மார்கோ பிராடி 2019 டிசம்பரில் ஒப்புதல் அளித்தார், 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. விதிகளுக்கான பாதிதான் முடியவில்லை. 2024 மார்ச்சில் ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது. இன்டர்சேஞ்ச் விகிதங்கள் மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்தது 0.04 சதவீதப் புள்ளி குறையும், ஐந்து ஆண்டுகளுக்குச் சராசரியில் 0.07 சதவீதப் புள்ளி குறைந்திருக்கும். கடைகளுக்கு ஏறத்தாழ 3,000 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குச் சொல்லப்பட்டது. 3,000 கோடி என்றால் மலைப்பாக இருக்கிறது, 0.07 என்பதைக் கடையின் கல்லாவில் வைத்துப் பாருங்கள், 100 டாலர் விற்பனையில் 7 சென்ட். அதே ஆண்டு ஜூனில் நீதிபதி பிராடி அதை நிராகரித்தார். எல்லா அட்டைகளையும் ஏற்க வேண்டும் என்ற விதி பெரும்பாலும் அப்படியே நிற்கிறது, வாக்களிக்கப்பட்ட சேமிப்பு கடைகள் செலுத்தும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சிறியது என்பவை அவர் கூறிய காரணங்களில் முக்கியமானவை.

இதற்கு இணையாக ஓடிய இன்னொரு வழக்கைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. 2010-இல் அமெரிக்க நீதித்துறையும் சில மாநிலங்களும் திசைதிருப்பல் தடையை எதிர்த்து மூன்று வலையமைப்புகள் மீதும் வழக்குத் தொடுத்தன. விசாவும் மாஸ்டர்கார்டும் சமரசம் செய்து அந்த விதியைத் தளர்த்தின. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் கடைசிவரை போராடியது. கீழ் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் வென்று, 2018 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது வெற்றிபெற்றது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: அட்டைப் பரிவர்த்தனை இருபக்கச் சந்தை, கடைக்காரர் பக்கத்தில் விலை உயர்ந்தது என்று மட்டும் காட்டினால் போதாது, அட்டை வைத்திருப்போர் பெற்ற நன்மையையும் சேர்த்து எடைபோட்ட பிறகு மொத்தத்தில் போட்டி கெட்டது என்று மெய்ப்பிக்க வேண்டும். நீதிபதி ஸ்டீபன் பிரையர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, கடைகளுக்கு விற்கப்படும் சேவையைத் தனிச் சந்தையாகவே பார்த்திருக்க வேண்டும் என்றது. கடைக்காரர்களின் வழக்கறிஞர்களுக்கு இத்தீர்ப்பு மலையேறும் வேலையை இன்னும் செங்குத்தாக்கிவிட்டது. புள்ளிகளை அள்ளுபவரின் மகிழ்ச்சியும், அந்தச் செலவு பொருளின் விலையில் ஏறுவதால் ரொக்கம் கொடுத்து வாங்குபவர் தாங்கும் சுமையும் ஒரே தராசில் எப்படி எடைபோடப்படும் என்பது எனக்கு இன்னும் விளங்காத இடம்.

நீதிமன்றம் தராததைச் சட்டமன்றம் ஓரளவு தந்தது. ஆனால் டெபிட் கார்டுக்கு மட்டும். 2010-இல் நிறைவேறிய டாட்-பிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் செனட்டர் டிக் டர்பின் சேர்த்த திருத்தத்தின்படி, 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளின் டெபிட் கட்டணத்துக்கு மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2011-இல் உச்சவரம்பு விதித்தது: ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட், தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்பு ஏற்பாடுகள் உள்ள வங்கிகளுக்குக் கூடுதலாக 1 சென்ட். இந்த வரம்பே அதிகம் என்று கடைக்காரர்கள் அதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2013-இல் வென்று 2014-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். பிறகு வடக்கு டகோட்டா மாநிலத்தின் வாட்போர்டு சிட்டியில் லாரி ஓட்டுநர்கள் நிறுத்தும் கார்னர் போஸ்ட் என்ற கடை அதே விதியை எதிர்த்தது. விதி வந்தது 2011-இல், வழக்குத் தொடுக்கக் காலவரம்பு ஆறு ஆண்டுகள், ஆகவே நேரம் கடந்துவிட்டது என்றது அரசு. கடை திறக்கப்பட்டதே 2018-இல்தான். பிறப்பதற்கு முன்பே ஒருவரின் வழக்குரிமை எப்படிக் காலாவதியாகும் என்றது கடை. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கடையின் பக்கம் நின்றது: காலவரம்பு, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படும். கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிய வழக்கில் 2025 ஆகஸ்டில் அந்த வரம்பு விதியே சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பு வந்தது; மேல்முறையீட்டுக்காக அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

கூடுதல் கட்டணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்களும் தப்பவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு முடிதிருத்தும் நிலையம் உள்ளிட்ட சில வணிகர்கள் தொடுத்த வழக்கில் வேடிக்கையான ஒரு நுணுக்கம் இருந்தது. ரொக்கத்துக்குத் தள்ளுபடி தரச் சட்டம் அனுமதித்தது. அட்டைக்குக் கூடுதல் கட்டணம் வசூலிக்க அனுமதிக்கவில்லை. வாடிக்கையாளர் கையிலிருந்து போகும் தொகை இரண்டிலும் ஒன்றே. பலகையில் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. அப்படியானால் அச்சட்டம் விலையை அல்ல, பேச்சையே ஒழுங்குபடுத்துகிறது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அது பேச்சுரிமைக்குப் பொருந்துமா என்று பார்க்கக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ‘தள்ளுபடி’ என்றால் மக்கள் முகம் மலர்வதும் ‘கூடுதல்’ என்றால் சுளிப்பதும் வலையமைப்புகளுக்கு நன்றாகத் தெரியும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் பாதை நேராக இருந்தது. மாஸ்டர்கார்டின் இன்டர்சேஞ்ச் ஏற்பாடு போட்டிச் சட்டத்தை மீறுகிறது என்று 2007-இல் ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2014-இல் அதை உறுதிசெய்தது. 2015-இல் வந்த ஒழுங்குமுறை, பொதுமக்களின் டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம், கிரெடிட் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அத்தகைய கூட்டாட்சி வரம்பு எதுவும் இல்லை. அங்கே எல்லாமே வழக்கு, சமரசம், மேல்முறையீடு என்ற சுழலில்தான் தீர வேண்டியிருக்கிறது.

அந்தச் சுழலின் அடுத்த சுற்று 2025 நவம்பரில் வந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் புரூக்ளின் வழக்கில் புதிய சமரசம் ஒன்றை அறிவித்தன: கட்டணம் ஐந்து ஆண்டுகளுக்கு 0.1 சதவீதப் புள்ளி குறையும். சாதாரண நுகர்வோர் கிரெடிட் அட்டைகளுக்கு எட்டு ஆண்டுகள்வரை 1.25 சதவீத உச்சவரம்பு இருக்கும். இம்முறை விதியிலும் கை வைக்கப்பட்டது. சாதாரண அட்டை, உயர்வகை வெகுமதி அட்டை, வணிக அட்டை என்று பிரித்து, வேண்டாத வகையைக் கடை மறுக்கலாம் என்கிறது அது. இதற்கும் நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். தேசிய சில்லறை வணிகர் கூட்டமைப்பு உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. எதிர்ப்பாளர்கள் சொல்லும் முக்கியக் காரணத்தைப் புரிந்துகொள்ளச் சட்டப் புத்தகம் தேவையில்லை. வண்டி நிறையப் பொருள்களோடு வாடிக்கையாளர் கல்லாவுக்கு வந்து நிற்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. அவர் நீட்டுவது விமானப் பயணப் புள்ளிகள் சேரும் உயர்வகை அட்டை. அதை வாங்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை கல்லாவில் நிற்கும் ஊழியருக்கு இப்போது காகிதத்தில் கிடைத்தாலும், எதிர்வரிசையில் உள்ள போட்டிக்கடை அதே அட்டையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்வரை அவர் அதைச் சொல்லப் போகிறாரா?